பழி வசியத்தின் மேலா?

அன்புள்ள வாசகிக்கு,

‘தி வாம்பயர் டைரீஸ்’ தொடரை உங்கள் மகள் விடாமல் பார்ப்பதையும், “பேய்க்கதையில் போய் நியாயம் தேடுவார்களா?” என்று கேட்டு உங்கள் வாயை அடைத்துவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அவள் கேட்டதில் பாதி சரிதான். ரத்தக்காட்டேரி என்றால் கடிக்கத்தான் செய்யும். கடித்த பிறகு கதை யார் பின்னால் போகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

2009இல் வந்த முதல் சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். கரோலைன் என்ற பள்ளி மாணவியை டேமன் என்ற ரத்தக்காட்டேரி வசியம் செய்து வைத்திருக்கிறான். நினைத்தபோது கடித்து ரத்தம் குடிக்கிறான், நடந்ததை மறக்கவும் வைக்கிறான். கழுத்தில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு விருந்துக்கு வருகிறாள் அவள். அந்தக் காயம் தோழி எலெனாவின் பார்வையில் பட்டுவிடுகிறது. எப்படி வந்தது என்று கேட்டால் கரோலைன் மழுப்புகிறாள். அடிவாங்கிய பெண்கள் ஊரார் முன்னால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை.

பிறகு? இரண்டாம் சீசனில் கரோலைனும் ரத்தக்காட்டேரியாகிறாள். மறந்ததெல்லாம் நினைவுக்கு வர, டேமனை ஒரு தள்ளு தள்ளுகிறாள். கதை அத்தோடு அந்தக் கணக்கை மூடிவிடுகிறது. எட்டு சீசன் ஓடி 2017இல் தொடர் முடியும்போது, எலெனாவோடு வாழ்க்கை அமைவது அதே டேமனுக்கு. அவன் தனிமை, அவன் ஏக்கம், அவன் திருந்தியது என்று நாம் பார்த்ததெல்லாம் அவனைத்தான்.

இதே விஷயத்தை இன்னும் கூர்மையாகத் தொட்ட தொடர் ஒன்று முன்பே வந்திருக்கிறது: 1997 முதல் 2003 வரை ஓடிய ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’. அதன் ஆறாம் சீசனில் வில்லோ, டாரா என்று இரு பெண்கள், காதலர்கள். வில்லோ எதற்கெடுத்தாலும் மந்திரத்தை எடுக்கிறாள் என்று இருவருக்கும் சண்டை. அன்றிரவு வில்லோ ஒரு பூவை வைத்து மந்திரம் போட்டு, சண்டை நடந்த நினைவையே டாராவின் மனத்திலிருந்து அழித்துவிடுகிறாள். காலையில் டாரா சிரித்த முகமாக எழுந்திருக்கிறாள். இந்தத் தொடரில் கோரமான பூதங்கள் எத்தனையோ உண்டு. என்னை நடுங்க வைத்தது இந்தச் சிரிப்புதான். வசியக்காரன் வெளியிலிருந்து வரவில்லை. பயந்த சுபாவமுள்ள, நமக்குப் பிடித்த பெண், “உனக்காகத்தான் செய்தேன்” என்ற நினைப்போடு செய்கிறாள். டாராவுக்கு உண்மை தெரிந்ததும் வில்லோ சத்தியம் செய்கிறாள். செய்த கையோடு மீண்டும் மந்திரம் போடுகிறாள். டாரா பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

இவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டு அந்தத் தொடரும் சறுக்கியது. அடுத்த சில வாரங்களில் வில்லோவின் குற்றம் போதைப் பழக்கமாக மாறுகிறது. கை நடுக்கம், வியர்வை, மந்திரத்தை விட்டொழிக்கும் போராட்டம் என்று கதை அவள் பின்னால் போய்விடுகிறது. இன்னொருத்தி மனத்தில் கைவைத்த குற்றம் அதில் கரைந்துபோகிறது. அதே சீசனில் ஸ்பைக் என்ற ரத்தக்காட்டேரி, கதாநாயகி பஃபியைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அந்தக் காட்சியைக் காதல் பூச்சு எதுவும் இல்லாமல்தான் எடுத்தார்கள். அதில் நடித்தது தன்னை மிகவும் பாதித்ததாக, ஸ்பைக்காக நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குப் பரிகாரம் என்ன? ஸ்பைக் ஆப்பிரிக்கா போய், சோதனைகளைத் தாண்டி, ரத்தக்காட்டேரியானபோது இழந்த ஆன்மாவை மீட்டு வருகிறான். ஆன்மா இல்லாததால் செய்தான், வந்ததும் வேறு ஆளாகிவிட்டான் என்று முடிகிறது கணக்கு.

மாயக்கதையில் உள்ள வசதியும் ஆபத்தும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத கொடுமையை வசியமாகவும் மறதியாகவும் கண்முன் நிறுத்த அதனால் முடியும். செய்தவன் மேல் விழவேண்டிய பழியை மந்திரத்தின் மேல் போட்டுவிடவும் முடியும். நிஜ வாழ்க்கையில் கைநீட்டுகிறவனுக்கு ஆன்மா தொலைந்துபோயிருப்பதில்லை. தெரிந்தேதான் செய்கிறான்.

ஆகவே தொடரை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் ஒளித்துப் பார்ப்பாள், உங்களோடு பேசமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். டேமன் மனம் மாறிக் கண்கலங்கும் இடம் வரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இப்போது கரோலைன் மனத்தில் என்ன ஓடும்?” பதிலை உங்கள் மகளே யோசிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்