வட்ஸ்அப்பில் தெரியும் சின்னக் கடிகாரம்



கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கோ, குவைத்தில் இருக்கும் அக்காவுக்கோ நாம் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறோம். மலையில் சிக்னல் இல்லாட்டி, செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் தெரியும். சிக்னல் கிடைத்ததும் அது ஒரு 'சரி' அடையாளமாக மாறும். பிறகு இரண்டு 'சரி' வரும். அந்தக் கடிகாரம் தானாக வந்ததல்ல. சிக்னல் இல்லாத ஆளை நினைத்து ஒருவர் அதைத் திட்டமிட்டு வைத்திருக்கிறார். அப்படித் திட்டமிட்டுச் செய்யும் தொழிலுக்குப் பெயர்தான் செயலிப் பொறியியல். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசியுங்கள்.

செயலி என்றால் என்ன?

போனுக்குள் இருந்து ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தரும் மென்பொருள்தான் செயலி. 'அப்' என்று சொல்லுறோமே, அதுதான். 2008 ஜூலையில் அப்பிள் நிறுவனம் சுமார் 500 செயலிகளோடு தனது செயலிக் கடையைத் திறந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் முதல் அன்ட்ரொய்ட் போன் விற்பனைக்கு வந்தது. இன்று அன்ட்ரொய்ட் செயலிகளைக் கொட்லின், ஜாவா என்ற கணினி மொழிகளிலும், அப்பிள் செயலிகளை ஸ்விப்ட் என்ற மொழியிலும் எழுதுகிறார்கள்.

இதில் என்ன கஷ்டம்?

மேசைக் கம்பியூட்டர் ஒரே இடத்தில், கரண்டோடு இருக்கும். போன் அப்படியில்லை. அதனால் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. சிக்னல் வரும், போகும். ஆகவே செய்தியை முதலில் போனிலேயே பத்திரமாக வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். கடிகாரம் என்றால் செய்தி இன்னும் போனில் காத்திருக்கிறது. ஒரு 'சரி' என்றால் அது நிறுவனத்தின் சேர்வருக்குப் போய்விட்டது. இரண்டு 'சரி' என்றால் அடுத்தவரின் போனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

2. பெட்டரி குறையும். "புதுச் செய்தி இருக்கா?" என்று செயலி நிமிடத்துக்கு நிமிடம் கேட்டால் பெட்டரி இறங்கிவிடும். அதனால் செய்தி வரும்போது மட்டும் சேர்வர் போனைத் தட்டி எழுப்புகிறது.

3. இடையில் அழைப்பு வரும். அப்போது செயலி பின்னால் போய்விடும். போனில் இடம் போதாட்டி, போனே அதை நிறுத்தியும் விடும். பாதி எழுதிய செய்தி அப்பவும் அழியக் கூடாது.

4. ஆளைக் காக்க வைக்கக் கூடாது. திரையைத் தொட்டு 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால், அந்தச் செயலி இயங்கவில்லை என்று அன்ட்ரொய்ட் அறிவித்துவிடும். எனவே பாரமான வேலைகள் திரைக்குப் பின்னால் நடக்க வேண்டும்.

வேலை நடக்கும் முறை

தேவையைக் கேட்பது, திரையை வரைவது, கணினி மொழியில் எழுதுவது, சோதிப்பது, வெளியிடுவது, பிழை திருத்துவது என்று இந்த வேலைக்கு ஒழுங்கு உண்டு. தொழிற்சாலையில் தேயிலையை ருசி பார்க்காமல் அனுப்புவதில்லை அல்லவா? அதுபோல் பழைய போன், புதிய போன், சிறிய திரை, பெரிய திரை எல்லாவற்றிலும் சோதிக்கிறார்கள். பிறகு முதலில் கொஞ்சப் பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. பிழை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். லட்சக்கணக்கான போன்களுக்குப் போன பிறகு திருத்துவது லேசில்லை.

வட்ஸ்அப்பை 2009இல் தொடங்கிய ஜேன் கூம், யுக்ரேனில் பிறந்தவர். 16 வயதில் தாயாரோடு அமெரிக்கா போனார். தாயார் பிள்ளை பார்க்கும் வேலை செய்தார். இவர் பலசரக்குக் கடையில் தரை கூட்டினார். பழைய புத்தகங்கள் வாங்கிக் கணினி படித்தார். யாஹூ நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்த பிறகுதான் சொந்தமாகத் தொடங்கினார். ஆரம்பத்தில் அந்தச் செயலி அடிக்கடி நின்றுபோனது. விடாமல் திருத்தினார்கள். 2014 பெப்ரவரியில் பேஸ்புக் அதை 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது 45 கோடிப் பேர் பாவித்த செயலியை நடத்தியது 55 ஊழியர்கள்தான்.

எல்லாரும் கோடீஸ்வரராகலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. இது படித்துப் பழகக்கூடிய தொழில் என்றே சொல்கிறோம். சிக்னல் இல்லாத லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கடிகாரம் எதற்கு என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அது நம்ம பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிற அறிவு.

பெற்றோர் கவனத்திற்கு

சாதாரண தரத்தில் கணிதம், ஆங்கிலம், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் மூன்றையும் பிள்ளை கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்தரத்திலும் தகவல் தொழில்நுட்பப் பாடம் உண்டு. உயர்தரம் கைகூடாட்டி, என்.வீ.கியூ. தொழிற்பயிற்சி வழியும் இருக்கிறது. "மூன்றே மாதத்தில் இன்ஜினியர்" என்ற விளம்பரத்தைப் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, சான்றிதழ் எந்த என்.வீ.கியூ. மட்டம் என்று முதலில் கேளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளே, அம்மா தினம் எடுக்கும் கொழுந்தை எழுதி வைக்க ஒரு செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ, முழுப் பேரா, அரைப் பேரா என்று மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். போன் தேவையில்லை, கொப்பியும் பென்சிலும் போதும். எத்தனை திரை? ஒவ்வொன்றிலும் என்ன இருக்கும்? சிக்னல் இல்லாட்டி என்ன ஆகும்? போன் உடைந்தால் கணக்கு எங்கே இருக்கும்? வரைந்து முடித்ததும் அம்மாவிடம் காட்டி, அவருக்கு விளங்காத இடத்தை மாற்றி வரையுங்கள்.