பேட்டரி மாத்தியாச்சு, சேவ் ஏன் நிக்கல?

லீவுக்குத் திருக்கோஷ்டியூர் போயிருந்தப்ப சித்தப்பா மகன் ஒரு கேம் பாய் கேசட்டை நீட்டினான். போகிமான் கோல்டு. சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தப்ப வாங்கியது. "அண்ணே, உள்ள கடிகாரம் தப்பா ஓடுச்சுன்னு புது பேட்டரி போட்டேன். கேம் ஓடுது. ஆனா ஆஃப் பண்ணா சேவ் போயிடுது."

முதலில் அடிப்படை. 1999-ல் ஜப்பானில் வெளியான கேம் இது. புரோகிராம் இருப்பது ரோம் சிப்பில். அதற்கு பேட்டரி வேண்டாம். சேவ் இருப்பது 32 கிலோபைட் எஸ்ரேமில். மின்சாரம் நின்றால் எஸ்ரேம் எல்லாத்தையும் மறந்துவிடும். கன்சோல் ஆஃப் ஆனதும் அதையும் கடிகாரத்தையும் தாங்குவது சிஆர்2025 பேட்டரிதான். ஆக, "கேம் ஓடுது" என்பது பேட்டரிக்குச் சாட்சி இல்லை.

கோளாறைப் பிரிச்சுப் பாருங்க:

1. கேமே வரலையா? பேட்டரியை விடுங்க. கேசட்டின் கீழ்ப்பல்லை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. பக்கத்துக் கால்களில் சால்டர் ஒட்டியிருக்கான்னு பாருங்க.

2. சேவ் நிக்கலையா? கேசட்டைக் கன்சோலில் இருந்து கழட்டி, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரியை, அடுத்து எஸ்ரேமின் மின்காலை அளங்க. 28 கால் சிப்பில் பொதுவாக 28-வது கால் பிளஸ், 14-வது கிரவுண்ட்.

3. சில மாசத்தில் தீர்ந்துடுதா? எங்கோ கசிவு. சிஆர்2025-ல் சுமார் 160 மில்லி ஆம்பியர் அவர் இருக்கும். 50 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் 3200 மணி நேரம், அதாவது நாலரை மாசத்துக்குள் காலி.

எங்க கேசட் இரண்டாவது ரகம். பேட்டரியில் 3.1 வோல்ட், எஸ்ரேமில் பூஜ்யம். பழைய பேட்டரியைப் பிடுங்கினப்ப பிளஸ் பக்கத்துச் செம்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்திருந்தது. மெல்லிய ஒயர் ஒன்றைப் பாலமாக வைத்ததும் 2.9 வந்தது. ராத்திரி சேவ் பண்ணோம், காலையிலும் இருந்தது. ராமானுஜர் 18 முறை நடந்து வந்ததாகச் சொல்லும் ஊர். இரண்டு இடத்தில் அளக்க நமக்கென்ன சோம்பல்?

சாயங்காலம் சித்தப்பா வந்தார். "என் பழைய டீம் இருக்காடா?"

இல்லை. பழைய பேட்டரியைக் கழட்டிய நொடியே போயிருச்சு. சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன்னாடி, கேசட் ரீடர் வைத்து சேவை கம்ப்யூட்டருக்கு எடுத்திருக்கணும். பேட்டரி கடையில் கிடைக்கும். சித்தப்பாவோட 2001 கிடைக்காது.