புலம்பும் துணையும்: வனத்துச் சின்னப்பர் பக்தியில் தனிமை

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கத்தோலிக்க மரபில் ‘வனத்து’ என்னும் அடையுடன் வழங்கும் தூயவர் இருவர்: வனத்துச் சின்னப்பர், வனத்து அந்தோனியார். எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த இத்தபசிகளின் மீதான பக்தி, தனிமையுற்றோருக்கு எவ்வகையில் துணையாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பக்தி தனிமையைப் போற்றுவதாகத் தோன்றினும், தனித்திருப்பவரிடம் சென்று சேரும் கடமையே அதன் உட்பொருள் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வனத்துச் சின்னப்பர், வனத்து அந்தோனியார், புலம்பு, துணை, நவநாள்.

1. முன்னுரை

‘புலம்பு’ என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறுகிறது தொல்காப்பிய உரியியல். பிற்காலத்தில் அச்சொல் அழுகைக்கும் முறையீட்டுக்கும் உரியதாயிற்று. துணையற்ற நிலையும் அந்நிலையில் எழும் குரலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது கருதத்தக்கது. தனியாக இருப்பவர் செய்யும் செபமும் ஒருவகையில் புலம்பலே. கேட்பவர் உளர் என்னும் நம்பிக்கையே அதனை வேறுபடுத்துகிறது. மக்களை விட்டு நீங்கி வாழ்ந்த ஒருவரைக் கேட்பவராகக் கொள்வது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

2. பெயரும் வனமும்

இலத்தீனில் ‘பவுலுஸ்’ என்பதற்குச் சிறியவர் என்று பொருள். அப்பொருளைத் தழுவியே ‘சின்னப்பர்’ என்னும் பெயர் அமைந்தது. யோவானை ‘அருளப்பர்’ என்றதும் இத்தகைய பொருள்வழிப் பெயராக்கமே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் திருத்தூதரைப் ‘பவுல்’ என்றே குறிக்கிறது. எனினும் தபசியின் பெயர் ஊர் வழக்கில் சின்னப்பர் என்றே நிலைத்துள்ளது. திருத்தூதரினின்று பிரித்தறிய இடப்பட்ட ‘வனத்து’ என்னும் அடை, இன்று பழம்பெயரையே காத்து நிற்கிறது.

தபசியைக் குறிக்கும் மேலைச் சொற்களுக்கு மூலமான கிரேக்கச் சொல், ஆளற்ற வெறுமையைச் சுட்டுவது. தமிழ் வழக்கு அதனைப் பாலை என்னாது வனம் என்றது. இத்தேர்வு பொருளையும் மாற்றியது. திணை மரபில் பாலைக்குரியது பிரிதல்; காடுசார்ந்த முல்லைக்குரியது இருத்தல். வனம் என்றவுடன் பிரிவின் வெம்மை பின்தங்க, ஆற்றியிருத்தல் முன்வருகிறது. வனவாசம் என்னும் காப்பிய நினைவும் உடன் எழுகிறது. ஆனால் இராமனுக்கும் பாண்டவர்க்கும் வனவாசத்திற்கு எல்லை உண்டு. சின்னப்பருக்கு அது இல்லை.

3. வரலாற்றில் தனிமையின் வடிவங்கள்

சின்னப்பரின் வரலாற்றைப் புனித எரோணிமுஸ் 4ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில் இலத்தீனில் எழுதினார். பேரரசர் தேசியுஸ் (249–251) காலத்துத் துன்புறுத்தலின்போது இளைஞராயிருந்த சின்னப்பரை, அவருடைய தமக்கையின் கணவரே சொத்தின்பொருட்டுக் காட்டிக்கொடுக்க முனைந்தார். ஆதலின் அவருடைய தனிமை துறவில் தொடங்கவில்லை. உறவு கைவிட்டதில் தொடங்கியது. அச்சத்தால் புகுந்த இடத்தைப் பின்னர் அவர் விருப்பத்துடன் ஏற்றார். தேடாமல் வந்த தனிமையில் வாழ்வோர் இவரிடம் தம்மைக் காண்பதற்கு இடம் இங்கே உள்ளது.

குகை, ஊற்று, ஒரு பேரீச்சமரம். நாள்தோறும் காகம் கொணரும் அரை அப்பம். முதுமையில் அந்தோனியார் அவரைத் தேடிச் சென்ற நாளில் முழு அப்பம் வந்தது. அதை யார் பிட்பது என்று இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் பொழுது மாலையாயிற்று. இறுதியில் இருவரும் சேர்ந்து பிட்டனர். மனித இனம் எவ்வாறுள்ளது, பழைய நகரங்களில் புதிய வீடுகள் எழுகின்றனவா, உலகை ஆள்பவர் யார் எனச் சின்னப்பர் வினவியதாகவும் வரலாறு கூறுகிறது. வனத்தில் இருந்தவர் உலகை மறந்தவரல்லர் என்பதற்கு இவ்வினாக்களே சான்று.

தம் இறப்பைக் கண்டு அந்தோனியார் வருந்தலாகாது என்று, அத்தனாசியார் அளித்த மேலாடையைக் கொண்டுவருமாறு சின்னப்பர் அவரை அனுப்பினார். திரும்பி வந்தவர் கண்டது முழந்தாளிட்ட நிலையிலிருந்த உயிரற்ற உடலை. குழிதோண்டக் கருவியின்றித் திகைத்தபோது இரு சிங்கங்கள் வந்து நிலத்தைப் பறித்தன என்பது கதை. இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இது தீர்க்க முனையும் அச்சம் மெய்யானது: எடுத்து அடக்குவாரின்றி இறத்தல்.

இங்குத் திருக்குறளின் 42ஆம் குறளுக்குப் பரிமேலழகர் கண்ட உரை ஒப்புநோக்கத் தக்கது. ‘துறந்தார்’ என்பதற்கு, ஆதரிக்க வேண்டியவரால் கைவிடப்பட்டவர் என்றும், ‘இறந்தார்’ என்பதற்கு, ஒருவருமின்றித் தன்னிடம் வந்து இறந்தவர் என்றும் அவர் பொருள் கொள்கிறார். இவர்களுக்கு இல்வாழ்வான் துணை. சின்னப்பர் இவ்விரு நிலைகளுக்கும் உரியவர். உறவால் கைவிடப்பட்டவர், உறவின்றி இறந்தவர். இல்வாழ்வானின் கடமையை இங்கு நிறைவேற்றுபவரோ மற்றொரு தபசி.

4. சோர்வும் அதன் மருந்தும்

தனிமையில் வாழ்ந்த துறவியர் தம் உள்ளச்சோர்வை மறைக்கவில்லை. எவாக்ரியுஸ் (345–399) அதனை ‘நண்பகல் பேய்’ என்றார். கதிரவன் நகராததுபோல் தோன்றுதல், இருக்கும் இடத்தின்மீது வெறுப்பு, யாரேனும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருத்தல், பிரிந்த சுற்றத்தாரின் நினைவு ஆகியன அவர் தரும் குறிகள். இச்சோர்வு அந்தோனியாரையும் பற்றியது. தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதும், எழுந்து செபிப்பதும், மீண்டும் அமர்வதுமாக இருக்கக் கண்டு அவர் தெளிவுற்றார் எனப் பாலைநிலத் தந்தையரின் மொழித்தொகுப்பு கூறும்.

பொழுதைச் செயலாகவும் செபமாகவும் பகுத்தலே இம்மருந்து. நவநாள் பக்தியின் அமைப்பும் இதற்கு இணையானது. எல்லையற்று நீளும் தனிமைக்கு அது ஒன்பது நாள் என்னும் கணக்கைத் தருகிறது. நாளைக்கு ஒரு வேலையையும், கூடிச் செபிக்கும்போது ஒரு சந்திப்பையும் தருகிறது.

5. திருவிழாவும் புறநகரும்

சின்னப்பரின் நாள் சனவரி 15. அந்தோனியாரின் நாள் சனவரி 17. 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சின்னப்பரின் நினைவு உலகப் பொது நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. தமிழக ஊர்கள் அதனைக் கைவிடவில்லை. பொங்கலை ஒட்டி அமைந்த காலமும் இதற்குத் துணைநின்றிருக்கலாம். வெளியூரில் வாழ்வோர் வீடு திரும்பும் நாளில் தனித்து வாழ்ந்தவருக்கு விழா எடுக்கப்படுகிறது. இம்முரணில்தான் பக்தியின் சமூகப் பொருள் புலப்படுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை (1964), ஆவடிப் படைத்துறை ஆலைகள் முதலியவற்றால் வளர்ந்த சென்னையின் மேற்குப் புறநகர், ஊர்விட்டு வந்தோர் பலரின் வாழிடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலுள்ள வேலப்பன்சாவடியின் பெயரீறு வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிப்பது. வாடகை அறையில் தனித்திருக்கும் தொழிலாளிக்கும், பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் எஞ்சிய முதியவருக்கும் ஊர்த்திருவிழா எட்டாதபோது, வீட்டுச் சுவரிலுள்ள படமும் தனிச் செபமுமே எஞ்சுகின்றன. அப்போது பக்தி அரை அப்பமாக நின்றுவிடும் இடர் உண்டு. உயிர்தாங்க அது போதும். முழுமைக்கு மற்றொருவர் வரவேண்டும்.

6. முடிவுரை

தனித்திருப்பவரை அப்படியே இருக்கச் சொல்லும் அறிவுரையாக இப்பக்தியைக் கொள்வது பொருந்தாது. அந்தோனியாரும் துன்புறுத்தல் காலத்தில் வனத்தை விட்டு அலெக்சாந்திரியா சென்று, சிறைப்பட்டோருக்குத் துணைநின்றவர். சின்னப்பரை நோக்கி வேண்டுவோர் தனிமையைத் தாங்கும் வலிமையைக் கேட்கின்றனர்; அதே வரலாறு, அவரைச் சூழ்ந்து வாழ்வோரை அந்தோனியாரின் இடத்தில் நிறுத்துகிறது. புலம்புக்கு எதிர்ச்சொல் கூட்டம் அன்று, துணை. ஆகவே பங்குகளும் அன்பியங்களும் இவ்விருவரின் திருவிழாக்களைக் கொண்டாடும்போது, தம் எல்லைக்குள் தனித்து வாழ்வோர் யாவர் என்று வினவி அவரிடம் செல்லுதல், இப்பக்திக்குப் புறம்பான சமூகப்பணி ஆகாது. அதன் உட்கூறே ஆகும்.