சீட்டில் இல்லாத பெயர்

கேள்வி: ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ நாவலில் வீடு எதைக் குறிக்கிறது? எங்கள் ஊர்ப் பெண்ணின் கதையையும் அப்படி எழுதலாமா?
- வாசகி, பழவேற்காடு

பதில்: சாண்ட்ரா சிஸ்னெரோஸின் அந்த நாவல் 1984-ல் வெளிவந்தது. சிகாகோவில் வளரும் எஸ்பெரான்சாவுக்குத் தன் வீட்டைக் காட்டவே வெட்கம். அவள் கேட்பது தனக்கே சொந்தமான ஒரு வீட்டை. சிமென்ட்டுக்கு நடுவே வேர்பிடித்த நான்கு ஒல்லி மரங்களும் அவளுக்கான படிமம்தான். ஜன்னலோரத்தில் அடைபட்டுக் கிடக்கும் பெண்களைப் போல மட்டும் அவள் ஆகிவிடக் கூடாது.

நீங்கள் படிமம் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடத்தைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும் பாடு முறை இருக்கிறதே! பங்கு ஆண்களுக்குத்தான். தம்பி பெயர் ஒருநாள் அந்தச் சீட்டில் ஏறும், தன் பெயர் ஏறாது என்று ஒரு சிறுமிக்கு உறைக்கும் இடத்தில் தொடங்குங்கள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலின் நாயகி பிலோமியையும் படியுங்கள். ஏரியைத் தாய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அலுத்துவிட்டது.