போர்ப் படங்களில் விமானி ஜாக்கெட்: அசலா? நகலா?



போன தீபாவளிக்கு நான் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். "அசல் மிலிட்டரி பைலட் ஜாக்கெட், சுத்தமான தோல்" என்றார் கடைக்காரர். ஹாஸ்டலில் நாங்கள் சேர்ந்து பார்த்த 'தி கிரேட் எஸ்கேப்' (1963) படத்தில் ஸ்டீவ் மெக்வீன் போட்டிருந்தது மாதிரியே இருந்தது. பேரம் பேசி 1,400 ரூபாய் கொடுத்தேன். பழவேற்காடு ஏரியில் அப்பா பல ராத்திரி இறால் பிடித்துச் சேர்த்த காசு அது.

ஊருக்குப் போய் போட்டுக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கழற்றச் சொன்னார். லைனிங் பிரிந்திருந்த இடத்தில் விரலை விட்டு உள்பக்கத்தைத் திருப்பினார். வலை வாங்கும்போதும் அவர் முடிச்சைத் திருப்பித்தான் பார்ப்பார்.

"தோலுன்னா பின்னாடி நாரு நாரா இருக்கணும். இதுல துணி நெசவு தெரியுதேப்பா. இது ரெக்சின்" என்றார்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் தேடிப் படித்ததை உங்கள் முன் வைக்கிறேன். நீங்களாவது ஏமாறாமல் இருக்கலாம் அல்லவா?

1. எதற்காகத் தோல்?

விமானிகள் தோல் போட்டது ஸ்டைலுக்காக இல்லை, குளிருக்காக. உயரே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தரையில் 15 டிகிரி என்று வையுங்கள். 8 கி.மீ. உயரத்தில் 15 − (8 × 6.5) = −37 டிகிரி! இரண்டாம் உலகப் போர் கால விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைய பயணிகள் விமானம் போல அடைத்த, சூடான கேபின் கிடையாது. ஆகவே செம்மறித் தோலை ரோமம் உள்பக்கம் வரும்படி தைத்தார்கள். அமெரிக்கர்களின் பி-3, பிரிட்டிஷாரின் இர்வின் இரண்டும் இந்த வகை. லெஸ்லி இர்வின் என்பவர் பாராசூட் தயாரித்தவர்.

மெக்வீன் போட்டது ஏ-2 என்ற மெல்லிய வகை. அமெரிக்க ராணுவம் 1931இல் இதை ஏற்றது. பெரும்பாலும் குதிரைத் தோல், உலோக ஜிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல், மூடியோடு இரண்டு பாக்கெட். பக்கவாட்டில் கையை விட்டுக்கொள்ள இடம் இருக்காது. பிளாஸ்டிக் ஜிப்பும் பக்கவாட்டுப் பாக்கெட்டும் இருந்தால் அது போர்க்காலத்து ஏ-2 அல்ல. என் ஜாக்கெட்டில் இரண்டுமே இருந்தன!

2. எந்தக் காலம்?

1943இல் ஏ-2 வாங்குவதை நிறுத்தித் துணி ஜாக்கெட்டுக்கு மாறினார்கள். நைலானை டூபாண்ட் கம்பெனி அறிவித்ததே 1938இல்தான். போர்க்காலத்தில் அது பாராசூட்டுக்குப் போனது. எம்.ஏ-1 என்ற நைலான் ஜாக்கெட் வந்தது 1950களில். எனவே 1943இல் நடக்கும் கதையில் ஒரு விமானி எம்.ஏ-1 போட்டு வந்தால், அது உடை தேர்ந்தெடுத்தவரின் தவறு.

இதே கணக்கை அப்பா வலைக்குப் போடுவார். டிவியில் வெள்ளைக்காரன் காலத்துக் கதை ஓடும். கரையில் நைலான் வலை காயும். "அப்ப ஏதுடா நைலான்? பருத்தி நூல் வலைதானே!" என்று சிரிப்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

நம் படத்துக்கும் இது பொருந்தும். 'காற்று வெளியிடை' (2017) கதையின் பின்னணி 1999 கார்கில் போர். அங்கே தோல் ஜாக்கெட்டைத் தேடக்கூடாது. ஜெட் விமானிக்கு ஓவர்ஆலும் ஜி-சூட்டும்தான். விமானம் வேகமாகத் திரும்பும்போது ஜி-சூட்டின் காற்றுப்பைகள் காலையும் வயிற்றையும் இறுக்கி, ரத்தம் தலையிலிருந்து கீழே இறங்காமல் தடுக்கும்.

3. எந்த இடம்?

எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி வழியாகச் செங்குன்றம் போகிறோமே, அந்த ஏரியில் 1942இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா விமானங்களோடு வந்து தங்கியது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் விமானம் அது. அதை யாராவது படமாக எடுத்து, சித்திரை வெயிலில் கரையில் நிற்பவர்களுக்கு ரோம ஜாக்கெட் மாட்டினால் நம்பலாமா? வெப்ப நாடுகளில் அவர்கள் தரையில் உடுத்தியது காக்கிப் பருத்தி.

4. உடை சரி, கதை சரியா?

இதுதான் முக்கியம். 'தி கிரேட் எஸ்கேப்'பில் அமெரிக்க விமானிக்கு ஏ-2 பொருத்தமான உடைதான். ஆனால் 1944 மார்ச்சில் அந்த ஜெர்மன் முகாமின் சுரங்கம் வழியே உண்மையில் தப்பிய 76 பேரில் அமெரிக்கப் படையினர் ஒருவரும் இல்லை. பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மெக்வீன் ஓட்டும் 'ஜெர்மன்' மோட்டார் சைக்கிளும் வேஷம் போட்ட இங்கிலீஷ் டிரையம்ப்!

மறுபக்கம் பாருங்கள். மகிந்தர் சிங் புஜ்ஜி என்ற இந்தியர் 1940இல் பிரிட்டன் போய் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டினார். தலையில் டர்பன் கட்டியே பறந்தார். 2014இல் அவருக்கு இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்ட் நகரில் சிலை வைத்தார்கள். சினிமாவில் டர்பனோடு ஒரு ஹரிக்கேன் விமானியைக் காட்டினால் 'இது கப்ஸா' என்று நாம்தான் முதலில் கத்துவோம். பார்த்துப் பழகியதையே அசல் என்று நினைக்கிறோம். என்னை ஏமாற்றியதும் அந்தப் பழக்கம்தான்.

ஆகவே நண்பர்களே, படமோ கடையோ, நான்கு கேள்வி கேளுங்கள்: எதனால் செய்தது? எப்போது வந்தது? எங்கே போட்டது? உண்மையில் யார் போட்டது? முடிந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

என் ஜாக்கெட் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. மார்கழி விடியலில் படகில் போகும்போது போட்டுக்கொள்கிறார். "தோலா இல்லாட்டி என்ன, காத்துக்கு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.