பணியிடத்தில் அஹிம்சை

ஊனுணவு நீக்கியும் இரவுணவு தவிர்த்தும் உயிரோம்பி வாழும் நாம், நம்மிடம் பணிபுரிவோரிடத்தும் நம்முடன் பணிபுரிவோரிடத்தும் பேசும் சொல்லில் அவ்வறத்தைக் காக்கின்றோமா? சாவக நோன்பிகள் ஒவ்வொருவரும் ஆய்ந்து பார்க்க வேண்டிய வினா இது.

தத்துவார்த்த சூத்திரத்தின் 7-ஆம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தெனக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றைக் கால்நடைகளுக்கே உரியனவாகப் பலர் கருதுகின்றனர். ஆனால், காவிரி பாயும் தஞ்சைத் தரணியின் வரலாறு, மனிதருக்கும் இவை இழைக்கப்பட்டமையைக் காட்டுகிறது.

அங்குப் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. பி. சீனிவாசராவ் முதலியோர் தொழிலாளரைத் திரட்டியதன் பயனாக, 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்படிக்கை இவற்றை நிறுத்த வழிசெய்தது. நம் மல்லிநாத சுவாமி ஜினாலயம் விளங்கும் ஊர் அது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும், 1968 டிசம்பர் 25 அன்று, கூலிப் பூசல் முற்றிய கீழ்வெண்மணியில், குடிசையொன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர்.

இத்தகைய கொடுமைக்கு வித்து எது? நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மானம், அதாவது செருக்கு. பிறனைத் தாழ்ந்தவன் என எண்ணிய மனத்துக்கு அவன் துன்பம் புலப்படுவதில்லை. எதிரிலிருப்பவரை மனிதராக மதியாதபோது மனச்சான்றின் தடை தளர்கிறது என உளவியலறிஞர் ஆல்பர்ட் பாண்டுராவும் விளக்கினார். அலுவலகங்களில் எழும் சிறு அவமதிப்பும், பதிலுக்குப் பதிலாய் வளர்ந்து பெரும்பகையாக முற்றக்கூடும் என்று லின் ஆண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் ஆகிய இருவரும் 1999-இல் எடுத்துரைத்தனர்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கட்டுக்குக் காரணமென்பது ஜினாகமத் துணிபு. எனவே, மேலதிகாரி ஒருவரை இழித்துரைக்கும்போது உடன் நகைப்பவரும் அவ்வினையில் பங்கு கொள்கிறார்.

இல்லறத்தார் கைக்கொள்ள வேண்டியவை:

1. வயலிலும் வீட்டிலும் பணிபுரியும் முதியோரை நம் சிறுவர்கள் ஒருமையில் அழைக்கலாகாது. பெரியோர் நாவைக் கண்டே சிறியோர் பழகுவர்.

2. உரிய கூலியை உரிய நாளில் அளித்தல் வேண்டும். கூலியை நிறுத்துவது உணவை மறுப்பதேயாகும். ஓய்வின்றி வேலை வாங்குவது மிகைச்சுமை ஏற்றுவதேயாகும்.

3. பிழையைத் தனியே அழைத்துக் கூறுதல் வேண்டும். பலர்முன் இகழ்தல் தகாது.

4. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகும் பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. பத்துப் பேருக்குக் குறையாது பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும். சிறு நிறுவனத்தாரும் வீட்டுப் பணிப்பெண்களும் மாவட்டத்தில் அமைந்த குழுவை அணுகலாம். பொறுத்துப்போ என்று நம் மகளிரைத் தடுப்பது பொறுமையன்று, தீமைக்கு உடன்படுதலே.

5. மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, அன்று எவரை எச்சொல்லால் வருத்தினோம் என்பதையும் எண்ணுதல் வேண்டும். மறுநாள் அவரிடமே பொறுத்தருள வேண்டுதலே அதற்குரிய கழுவாய்.