தீயணைப்பு டிப்ளோமா: ஊர்ப்பேச்சும் உண்மையும்

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் கொட்டாஞ்சேனையிலும் பேலியகொடையிலும் வீட்டுக்கு வீடு அடுத்த படிப்பைப் பற்றிய பேச்சுத்தான். ‘தீத் தொழில்நுட்பமும் அவசர சேவைகளும்’ என்ற டிப்ளோமாவும் அதில் அடிபடுகிறது. 2011இல் புறக்கோட்டையிலிருந்து இடம்மாறிய மத்திய மீன் சந்தை, 2020இல் பின்னால் வந்த மெனிங் சந்தை, களஞ்சியங்கள், கட்டுநாயக்க அதிவேகப் பாதையின் நுழைவாயில் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும் பேலியகொடையில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. ஆனால் அதைப் பற்றி உலவும் கதைகள் பல உண்மைக்கு எட்டாதவை.

நம்பிக்கை 1: உடம்பில் பலம் இருந்தால் போதும், இதில் படிக்க என்ன இருக்கிறது?

உண்மை: கணக்கு இருக்கிறது. தண்ணீரை 10 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய 1 பார் அமுக்கம் வேண்டும். வெல்லவத்தையில் 30 மீற்றர் உயர மாடிவீடு ஒன்றில் தீ என்றால், தண்ணீரை மேலே ஏற்றவே 3 பார் போய்விடும். குழாயின் உராய்வு வேறு. அதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் அனுப்பினால் உராய்வு இழப்பு நான்கு மடங்காகும். கீழே பம்பில் நிற்பவர் கணக்கைக் குறைத்துப் போட்டால் மேலே நிற்பவருக்குத் தண்ணீர் போதாது. கூட்டிப் போட்டால் குழாய் அவரையே தள்ளி விழுத்தும்.

நம்பிக்கை 2: வீரர்களின் முதுகுச் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன்.

உண்மை: நாம் சுவாசிக்கும் அதே காற்றுத்தான், அமுக்கி அடைத்திருக்கிறார்கள். தூய ஒட்சிசன் கசிந்தால் தீ இன்னும் மூர்க்கமாகும். 6.8 லீற்றர் சிலிண்டரை 300 பார் வரை நிரப்பினால் சுமார் 2,000 லீற்றர் காற்றுக் கிடைக்கும். நிமிடத்துக்கு 40 லீற்றர் செலவு என்று வைத்தால் 50 நிமிடம். குழாயை இழுத்துக்கொண்டு படியேறுகிறவருக்கு அவ்வளவு நேரம் தாங்காது. காற்றுத் தீரும் தறுவாயில் சிலிண்டரின் விசில் தானாக ஊதும். அதைக் கேட்டபிறகு திரும்பலாம் என்று இருப்பது ஆபத்து. விசில் ஊதுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இதற்காகவே வாசலில் ஒருவர் பலகையோடு நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயர், போன நேரம், சிலிண்டர் அமுக்கம் எல்லாவற்றையும் குறித்து, எப்போது வெளியே வர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்.

உள்ளே நடப்பதற்கும் பயிற்சி வேண்டும். புகை நிறைந்த இருட்டறையில் முன்காலால் தரையைத் தட்டிப் பார்த்து, புறங்கையால் முன்னே தடவியபடி நகரப் பழக்குவார்கள். ஏன் புறங்கை? மின்கம்பியில் உள்ளங்கை பட்டால் விரல்கள் இறுகிக் கம்பியையே பற்றிக்கொள்ளும். புறங்கை பட்டால் கை விலகிவிடும்.

நம்பிக்கை 3: எந்தத் தீக்கும் தண்ணீர்தான் மருந்து.

உண்மை: கொதிக்கும் எண்ணெய்க்குள் விழும் தண்ணீர் சுமார் 1,700 மடங்கு பருமனுள்ள நீராவியாகி, எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வீசியடிக்கும். இரசாயனங்கள் சேர்ந்தால் தண்ணீர் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் குணமும் தெரிய வேண்டும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அந்த அமிலம் தான் எரியாது. பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் மீனுக்கு வேண்டிய ஐஸ். பெரிய ஐஸ் தொழிற்சாலைகளைக் குளிர்விப்பது பெரும்பாலும் அமோனியா. அது வாயுவாகக் கசிந்தால் தண்ணீரைத் தூவிக் கரைத்து அடக்கலாம். திரவமாகத் தேங்கி நிற்கும் அமோனியாவில் தண்ணீர் ஊற்றினாலோ வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். பொருள் ஒன்று, கையாளும் முறை இரண்டு. இரசாயனத்தைப் பாடத்திட்டத்தில் வைத்திருப்பது இதனால்தான்.

நம்பிக்கை 4: பெண் பிள்ளைகளுக்கு இது சரிவராது.

உண்மை: இந்தியாவின் முதல் பெண் தீயணைப்பு வீரர் எனப் பெயர் பெற்ற ஹர்ஷினி கன்ஹேகர், நாக்பூரிலுள்ள தேசிய தீயணைப்புச் சேவைக் கல்லூரியில் படித்தவர். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீப்பிடித்தபோது, களத்தில் நின்று கடும் தீக்காயம் அடைந்த அதிகாரி பிரியா ரவிச்சந்திரன்.

நம்பிக்கை 5: சான்றிதழ் கையில் இருந்தால் தீயணைப்புப் படையில் வேலை நிச்சயம்.

உண்மை: கொழும்புத் தீயணைப்புப் படை மாநகர சபையின் கீழ் இயங்குகிறது. அரச துறையில் ஆளெடுப்பது வெற்றிட அறிவித்தல் வரும்போதுதான். உயரம், உடற்தகுதி எல்லாம் பார்ப்பார்கள். டிப்ளோமா ஒரு துணை. நியமனக் கடிதம் ஆகாது. ஹோட்டல்கள், தொழிற்சாலைகள், களஞ்சியங்கள், மத்திய கிழக்கின் எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவற்றில் தீப் பாதுகாப்பு வேலைகளுக்கு அது கைகொடுக்கும்.

எனவே பெற்றோர் காசு கட்டுவதற்கு முன் சில விடயங்களைக் கேட்க வேண்டும். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? சான்றிதழுக்குத் தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ.) மட்டம் உண்டா, உண்டென்றால் எத்தனையாம் மட்டம்? வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் அதை வழங்குவது யார்? சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு புகையறைக்குள் பிள்ளை எத்தனை தடவை போகும்? ஓடுகிற பம்பில் கை வைக்க விடுவார்களா? மண்டபத்தில் படம் காட்டி முடித்துவிடும் இடமென்றால், கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.